பாடப்புத்தகமும் பணப்பெட்டியும்

பணப்பெட்டியைச் சாவியோடு 10 வயதுப் பையன் கையில் கொடுத்து, "இந்தா, வைத்துக்கொண்டு படி" என்று யாராவது சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எத்தனையோ வீடுகளில் தினமும் அதுதான் நடக்கிறது. அந்தப் பணப்பெட்டிக்குப் பெயர், செல்போன்!

வீட்டில் இருப்பது ஒரே போன். அம்மாவின் பாங்கிக் கணக்கு அதில் இருக்கிறது. மளிகைக் கடைக்குப் பணம் போவதும் அதில்தான். பையனுக்குக் கணக்குப் பாடம் வருவதும் அதில்தான்.

இதற்குப் பயந்து சிலர் பிள்ளைகளிடம் இருந்து போனைப் பிடுங்கி விடுகிறார்கள். பணம் தப்பியது. படிப்பு போயிற்று!

இது சரியான வழி அல்ல. போனைப் பிடுங்குவதைவிட, அதற்குத் தமிழில் பேசக் கற்றுக் கொடுப்பதுதான் சரி.

ஏன் என்று பார்ப்போம்.

எந்திர வாத்தியார்

எந்திரத்தின் மூலம் பாடம் நடத்துவது புதிய யோசனை அல்ல.

அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ம் ஆண்டிலேயே இது தொடங்கிவிட்டது. டொனால்டு பிட்சர் என்ற என்ஜினீயர் அந்த ஏற்பாட்டை உருவாக்கினார். அதற்கு "பிளாட்டோ" என்று பெயர்.

கம்ப்யூட்டர் திரையில் கேள்வி காட்டும். மாணவர் பொத்தானை அழுத்திப் பதில் சொல்வார். பதில் சரியா, தப்பா என்று உடனே தெரிந்துவிடும். எத்தனை தடவை தப்பாகச் சொன்னாலும் எந்திர வாத்தியாருக்குக் கோபம் வராது!

இந்தியாவில் ஐ.ஐ.டி.களும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ம் ஆண்டில் தங்கள் வகுப்புப் பாடங்களைப் படமாக்கத் தொடங்கின. இந்த வேலையில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரும் பங்கு உண்டு.

2019-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் கல்வி தொலைக்காட்சி வந்தது.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா பரவியது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அன்று செல்போனே வகுப்பறை ஆயிற்று. அப்போது பிள்ளைகள் கையில் ஏறிய போன், பிறகு இறங்கவே இல்லை.

குரலை அளந்தவர்கள்

பாடம் நடத்தும் வாத்தியாரின் குரல் காற்றில் பறந்து வருகிறதே, அது எப்படி?

குரல் என்பது அலை. டெலிபோன் ஆராய்ச்சியாளர்கள் அந்த அலையை ஒரு வினாடிக்கு 8 ஆயிரம் தடவை அளந்தார்கள். ஒவ்வொரு அளவையும் எண்ணாக மாற்றினார்கள். அந்த எண்களைத்தான் கம்பி வழியே அனுப்பினார்கள்.

இப்படிச் செய்ததில் ஒரு வினாடிப் பேச்சுக்கு 64 ஆயிரம் புள்ளிகள் தேவைப்பட்டன. புள்ளி என்றால் 0 அல்லது 1. கம்பிக்கு அது சரி. செல்போனுக்கு அது பெரிய சுமை.

சுமையைக் குறைக்க வழி சொன்னவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். அவர் பெயர் பிஷ்ணு அடல். 1933-ம் ஆண்டு பிறந்தார். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் படித்தார். 1961-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

மனிதக் குரல் தாறுமாறாக மாறுவது இல்லை. இப்போது வந்த ஒலியைக் கொண்டு, அடுத்து வரும் ஒலி எப்படி இருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்படியானால் எல்லாவற்றையும் அனுப்புவானேன்? ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதுமே! இதுதான் அந்த ஆராய்ச்சியின் சாரம்.

பலன் என்ன தெரியுமா? 64 ஆயிரம் புள்ளிகள் தேவைப்பட்ட பேச்சு, முதல் ஜி.எஸ்.எம். செல்போன்களில் 13 ஆயிரம் புள்ளிகளில் அடங்கிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு!

உடையாத பூட்டு

அடுத்தது பூட்டு.

61-ஐ 53-ஆல் பெருக்கினால் 3,233. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் 3,233-ஐ மட்டும் கொடுத்து, "எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும்?" என்று கேட்டால், பெரியவர்களே திண்டாடுவார்கள்.

பெருக்குவது சுலபம். பிரிப்பது கஷ்டம்.

இந்தச் சின்ன உண்மையை வைத்து 1977-ம் ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் ஒரு ரகசியப் பூட்டைச் செய்தார்கள். அதில் எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் நீளம். பூட்டும் எண்ணை ஊருக்கே சொல்லலாம். திறக்கும் எண் மட்டும் உடையவரிடம் இருக்கும்.

இந்தியாவில் செல்போன் மூலம் உடனுக்குடன் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை 2016-ம் ஆண்டு வந்தது. பாங்கிப் பணம் இப்படிப்பட்ட கணக்குப் பூட்டுகளுக்குள்தான் பயணம் செய்கிறது. அவற்றை உடைப்பது சாமானியத் திருடனால் ஆகிற காரியம் அல்ல.

பின் பணம் எப்படிப் போகிறது?

திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை. வீட்டுக்காரரையே திறக்கச் சொல்கிறான்!

"அம்மா, பாங்கியில் இருந்து பேசுகிறோம். உங்கள் கார்டு நின்றுபோகும். இப்போது ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள்" என்கிறான். பதறிப்போய் அம்மா சொல்லிவிடுகிறார். கதை முடிந்தது.

இன்னொரு விதமும் உண்டு. குரலை எண்ணாக்கிய அதே ஆராய்ச்சி வளர்ந்து, ஒருவர் குரலைப்போலவே எந்திரம் பேசும் காலம் வந்துவிட்டது. "அக்கா, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பணம் அனுப்பு" என்று தம்பியின் குரலிலேயே திருடன் கேட்கலாம்.

யார் குற்றம்?

"ரகசிய எண்ணைச் சொன்னது அவர்கள் குற்றம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு.

அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017-ம் ஆண்டு வெளியிட்ட உத்தரவும் அதைத்தான் சொன்னது. வாடிக்கையாளர் தாமே ரகசியத்தைச் சொல்லிவிட்டால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் பாங்கியுடையது.

ஆனால் முழு நியாயம் அது அல்ல.

ரகசிய எண்ணோடு "இதை யாரிடமும் சொல்லாதே" என்ற எச்சரிக்கையும்தான் வருகிறது. அது பெரும்பாலும் இங்கிலீஷில் வருகிறது! முதியோர் வகுப்பில் நேற்றுத்தான் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்ற தாய், அதை எப்படிப் படிப்பார்?

படிக்க முடியாத மொழியில் எச்சரித்துவிட்டு, "எச்சரித்தோமே" என்று சொல்வது நியாயம் ஆகாது. குருடருக்கு வழிகாட்டக் கைகாட்டி மரம் நட்டது போன்றது அது.

கடைக்காரர் பெட்டி

"எச்சரிக்கையைத் தமிழில் சொல்லுவது கஷ்டமான காரியம்" என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

சாட்சி, பெட்டிக்கடையில் இருக்கிறது. வாடிக்கையாளர் பணம் அனுப்பியதும், கடைக்காரர் பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டி, "50 ரூபாய் வந்தது" என்று தமிழில் உரக்கச் சொல்கிறதே!

வருகிற பணத்தைத் தமிழில் சொல்லத் தெரிந்த விஞ்ஞானத்துக்கு, போகிற பணத்தைத் தமிழில் சொல்லத் தெரியாதா?

"உங்கள் கணக்கில் இருந்து 5 ஆயிரம் ரூபாய் வெளியே போகப் போகிறது. அனுப்பலாமா?" என்று போன் பேச வேண்டும். பேசிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ரகசிய எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம். தொகையையும், யாருக்குப் போகிறது என்பதையும் சொன்னால் போதும். நாலு பேர் நடுவில் வேண்டாம் என்கிறவர், பேச்சை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கட்டும்.

பாங்கிகள் இதைத் தாங்களாகவே செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ரிசர்வ் வங்கி உத்தரவு போட வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. போனில் கணக்கும் அறிவியலும் வருவதுபோல, போனைப் பாதுகாக்கும் பாடமும் வரவேண்டும். பிள்ளை அதைப் படித்து, இரவில் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கட்டும். எந்திர வாத்தியார் ஒருவருக்குப் பாடம் நடத்தினால், இரண்டு பேர் தேறுவார்கள்!

வீட்டில் செய்ய வேண்டியது

அதுவரை குடும்பத்தினர் சும்மா இருக்க வேண்டியது இல்லை.

பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்குத்தான் தேவை. "பரிசு வந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும், அவன் திருடன்.

பாங்கிச் செயலிக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். பாடம் திறந்திருக்கும்போது போனின் மற்றப் பகுதிகளை மூடிவைக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது. விவரம் தெரிந்தவரிடம் கேட்டு அதைச் செய்துகொள்ளுங்கள்.

பணம் அனுப்பும் செயலிகள் பலவற்றில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்றே மாற்றுங்கள்.

குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி குரலில் யாராவது பணம் கேட்டால், அந்தச் சொல்லைக் கேளுங்கள். குரலைத் திருடலாம். சொல்லைத் திருட முடியாது.

பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பாங்கிக்கும் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பணம்!

முக்கியமாக, ஏமாந்துபோனவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பவர்களால்தான் திருடனுக்கு நேரம் கிடைக்கிறது.

விஞ்ஞானிகள் குரலைச் சுருக்கினார்கள். பூட்டைச் செய்தார்கள். வகுப்பறையைக் கைக்குள் அடக்கினார்கள். மூன்றும் பெரிய காரியங்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, நேற்று எழுத்துக் கற்ற தாயின் காதில் நல்ல தமிழில் நாலு வார்த்தை சொல்லவைப்பதுதான் பாக்கி.

அதைச் செய்யும் வரை, அந்த ஆராய்ச்சிகள் முடிந்துவிட்டதாக யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.