மூன்று பச்சை விளக்கு

2024 அக்டோபர் 11 மாலை. டெல்டா பிள்ளைகள் வளைகுடா போகிற திருச்சி - ஷார்ஜா விமானத்தில், கிளம்பியதுமே ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டம். தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனை வீட்டில் மஞ்சள் துணியில் காசு முடிந்தார்களோ!

‘உடனே இறக்க வேண்டியதுதானே?’ என்பீர்கள். ஷார்ஜா வரைக்குமான எரிபொருள், ஸார். போயிங் 737-ல் அதை வானத்தில் கொட்ட வசதி கிடையாது. எரித்துத்தான் எடை குறைக்கணும்.

சரி, ஹைட்ராலிக் போனால் சக்கரம்? காக்பிட் தரையில் மூன்று கைப்பிடிகள் உண்டு. இழுத்தால் பூட்டு விடும். சக்கரம் தன் எடையிலேயே இறங்கும். மூன்று பச்சை விளக்கு எரிந்தால் நிம்மதி. அன்று எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள்.

பயிற்சிக்கான செஸ்னா 172-ல் பெரும்பாலும் இந்தக் கவலையே இல்லை. சக்கரம் மடங்கவே மடங்காது!

மடங்குகிற விமானமா? ஹைட்ராலிக் கைவிடலாம், நியூட்டன் கைவிடமாட்டார்.