டம்ளருக்குள் இருந்த படபடப்பு!

காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு காபி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் ஒன்று. பலகாரம் சாப்பிட நேரமில்லாமல் பத்து மணிக்கு ஒன்று. மாலை நான்கு மணிக்கு ஒன்று. 'டிகாக்ஷன் வீணாகிறதே' என்று ஏழு மணிக்கு இன்னொன்று. இதுதான் என் வழக்கம்.

சென்ற வருடம் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. கணவர் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானாலும், என்னவோ ஏதோ என்று பயம். ராத்திரி தூக்கமில்லை. கூடவே நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் வேறு. "எல்லாம் மனப்பிரமை. வீட்டுல சும்மா இருந்தா இப்படித்தான்" என்றார் மாமியார். "மந்திரிச்சு தாயத்து கட்டுங்க" என்றார் நாத்தனார். எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறதோ என்று தனியாக அழுதிருக்கிறேன்.

டாக்டரம்மா இ.சி.ஜி., தைராய்டு எல்லாம் பார்த்தார். கோளாறு இல்லை. கடைசியாக, "காலையில என்னம்மா சாப்பிடறே? எத்தனை காபி?" என்றார். விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். "இதை யாருமே கேக்கலியா?" என்றார்.

களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்ற பொருளை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது காஃபீன். அதனால்தான் சுறுசுறுப்பு, அளவு மீறினால் படபடப்பு. குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? காபி வயிற்றில் அமிலத்தையும் அதிகம் சுரக்க வைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 300 மி.கி. காஃபீனைத் தாண்டக் கூடாது என்கிறது. 150 மி.லி. டிகாக்ஷன் காபியிலேயே 80 முதல் 120 மி.கி. இருக்கிறதாம். என் ஐந்து டம்ளருக்கு நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்! சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேராது என்றும் அதில் இருக்கிறது. ரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு இது முக்கியம்.

ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால், வாரம் ஒரு டம்ளராகக் குறைத்தேன். இப்போது இரண்டே காபி. காலையில் இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. படபடப்பு அடங்கிவிட்டது; நெஞ்செரிச்சல் எப்போதாவதுதான்.

எல்லாப் படபடப்புக்கும் காபிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். மனசுக்கே வைத்தியம் தேவைப்பட்டாலும் அதில் வெட்கமில்லை. ஆனால், வீட்டுப் பெண் 'பயமாயிருக்கு' என்றால் 'பிரமை' என்று முத்திரை குத்தும் முன், "காலையில சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்களேன். பசியைக் காபியால் அடக்கும் பெண்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.