இரைச்சலை வைத்து இளைஞர்களை எடைபோடலாமா?
கோலாலம்பூர், பழைய கிள்ளான் சாலையில் 2005 டிசம்பர் 31 இரவு நடந்த இசை நிகழ்ச்சியைப் போலீசார் சுற்றி வளைத்து, 300க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துச் சென்றனர். ‘பிளாக் மெட்டல்’ கூட்டம் என்ற சந்தேகமே காரணம்.

பக்கத்துச் சிங்கப்பூரில் 1992இல் உருவான ‘ருத்ரா’ குழுவோ, அதற்கு நெருக்கமான முரட்டு இசையில் சமஸ்கிருத சுலோகங்களையும் இந்திய இசையையும் சேர்த்தது. வேதாந்தமே அதன் பாடுபொருள். கறுப்புச் சட்டையையும் உறுமும் குரலையும் வைத்து ஒருவரின் நம்பிக்கையை அளக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

தைப்பூசத்தில் அதிரும் நம் உறுமி மேளமும் மெல்லிசை அல்லவே!

பிரிக்பீல்ட்ஸில் சங்கீதம் கற்கும் பிள்ளை எலக்ட்ரிக் கித்தார் கேட்டால், பெற்றோர் முதலில் பாட்டைக் கேட்கட்டும். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம்.