அளக்க மறுப்பவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள்!

விமானத்தில் வேலை செய்யும் ஒரு பணிப்பெண் நோயாளியாகி நிர்வாகத்தின் முன் வந்து நிற்கிறார். தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது, இருமல் நிற்கவில்லை, நேற்றுப் பேசியது இன்று நினைவில் இல்லை என்கிறார். பறந்துகொண்டிருந்தபோது எஞ்சின் எண்ணெய்ப் புகை உள்ளே வந்தது, அதைச் சுவாசித்தேன் என்கிறார். நிர்வாகம் என்ன சொல்கிறது? "எந்த விஷம்? எவ்வளவு? ஆதாரம் எங்கே?" என்று திருப்பிக் கேட்கிறது!

நியாயமான கேள்விதானே என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் விமானத்துக்குள் வரும் காற்றைச் சோதிக்கும் கருவியை வைக்கவேண்டியவர் யார்? நிர்வாகம். வைக்காதிருப்பவர் யார்? அதே நிர்வாகம்! தராசைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு, "எத்தனை மூட்டை அளந்தாய், நிரூபி" என்று விவசாயியை மிரட்டும் நெல் வியாபாரிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

விமானத்தில் ஏறியே இராத வாசகர்களுக்காக விஷயத்தைச் சற்று விளக்கிச் சொல்கிறோம். முப்பதாயிரம் அடிக்கு மேலே காற்று மிகவும் மெலிந்திருக்கும். அதைச் சுவாசித்து மனிதன் பிழைக்க முடியாது. ஆகவே வெளிக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்தவேண்டும். பெரும்பாலான ஜெட் விமானங்களில் இதற்கென்று தனி யந்திரம் கிடையாது. எஞ்சின் தனது உபயோகத்துக்காக அமுக்கும் காற்றில் ஒரு பகுதியைப் பிரித்து, குளிரவைத்து, வடிகட்டாமலே பிரயாணிகள் உட்கார்ந்திருக்கும் பகுதிக்கு விடுகிறார்கள். அந்த எஞ்சினின் பேரிங்குகளில் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கிறது. எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல் தேய்ந்தாலும், அவசரத்தில் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டாலும், சுடுகிற எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடுகிறது. அழுக்குக் காலுறை நாற்றம் என்று சிப்பந்திகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணெயில் என்ன இருக்கிறது? யந்திரம் தேயாமலிருக்க ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். இதன் ஒரு வகை நரம்புகளைத் தாக்கி முடமாக்கும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1959-இல் மொராக்கோ நாட்டின் மெக்னஸ் நகரத்தில் நடந்ததை உலகம் அறியும். அமெரிக்க விமானத் தளத்திலிருந்து உபரி என்று விற்றுத் தள்ளப்பட்ட ஜெட் எஞ்சின் எண்ணெயை, லாபவெறி பிடித்த வியாபாரிகள் சமையல் எண்ணெயில் கலந்து மலிவு விலைக்கு விற்றார்கள். மலிவான எண்ணெயை வாங்கியவர்கள் யார்? ஏழைகள்தான். சுமார் 10,000 பேர் கைகால் விளங்காமல் படுக்கையில் விழுந்தார்கள்.

குடிப்பது வேறு, சுவாசிப்பது வேறு என்று கம்பெனிகளின் நிபுணர்கள் பதில் சொல்கிறார்கள். இன்றைய எண்ணெயில் அந்தக் கொடிய வகை மிகக் குறைவு என்கிறார்கள். அது உண்மைதான், நாம் அதை மறைக்கவில்லை. எந்த ரசாயனம், எந்த அளவில், எந்த நோயைத் தருகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம் நடக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். விஞ்ஞானிகள் விவாதிக்கட்டும். ஆனால் விவாதத்தைத் தீர்க்கக்கூடிய ஒரே சாட்சி, புகை வந்த அந்த நிமிஷத்துக் காற்று. அதைப் பிடித்து வைக்க இவர்கள் தயாரில்லையே, அது எந்த விஞ்ஞானம்?

ஆராய்ச்சியே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது, செய்தார்கள்! பிரிட்டனில் கிரான்ஃபீல்ட் சர்வகலாசாலை 100 பறப்புகளில் காற்றைச் சோதித்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றன என்றது. ஆனால் அந்த 100 பறப்புகளில் ஒன்றில்கூடப் புகார் செய்யத்தக்க புகை எதுவும் உண்டாகவில்லை! மழை பெய்யாத நாளாகப் பார்த்து வந்து கூரை ஒழுகவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்த கதைதான். இந்தச் சான்றிதழைத்தான் கம்பெனிகள் இன்றும் தூக்கிக் காட்டுகின்றன.

புகை வந்த நாளில் நடப்பது வேறு. 1999 நவம்பரில் ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் இறங்க வந்துகொண்டிருந்த ஒரு பி.ஏ.ஈ. 146 விமானத்தின் இரண்டு விமானிகளுக்கும் தலை சுற்றி மயக்கம் வந்தது. ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு எப்படியோ இறக்கிவிட்டார்கள். விமானிகளுக்காவது அந்த முகமூடி உண்டு. ஆபத்தில் தலைக்கு மேலிருந்து தொங்கி விழுமே, பிரயாணிகளின் முகமூடி, அது சுற்றியுள்ள காற்றையும் சேர்த்தே இழுக்கும். புகைக்கு அது உதவாது.

அதே ரக விமானம்தான் ஆஸ்திரேலியாவிலும் ஓடியது. 1992-இல் ஈஸ்ட்-வெஸ்ட் கம்பெனியின் விமானம் ஒன்றுக்குள் புகை பரவியது. ஒரு பணிப்பெண்ணுக்கு அன்று தொடங்கிய இருமல் தீரவேயில்லை. 1993-இல் விமானத்தைத் தயாரித்த கம்பெனி, அதை வாங்கி ஓட்டிய கம்பெனிகளுக்கு இந்த எண்ணெய்க் கசிவுக்காகப் பணம் கொடுத்து, விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. 2007-இல் ஆஸ்திரேலிய செனட் சபையில் ஆவணம் வைக்கப்பட்டபோதுதான் இந்த ரகசியம் அம்பலமாயிற்று. கவனியுங்கள்: முதலாளி முதலாளியிடம் நஷ்டஈடு கேட்டால் ஓராண்டில் கணக்குத் தீர்கிறது. அந்தப் பணிப்பெண் கேட்டாரே, அவருக்கு? நியூ சவுத் வேல்ஸ் தீர்ப்பாயம் கம்பெனியின் அலட்சியமே காரணம் என்று தீர்ப்புச் சொன்னது 2009-இல். கம்பெனி அப்பீல் செய்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அப்பீலை ஏற்க மறுத்து வழக்கு முடிந்தது 2010-இல். பதினெட்டு வருஷங்கள்! கிடைத்த தொகை ஏறக்குறைய 1,39,000 ஆஸ்திரேலிய டாலர்.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். வழி ஆதியிலேயே இருந்தது. போயிங் 707, டி.சி. 8, வி.சி. 10 போன்ற பழைய ஜெட் விமானங்களில் உள்காற்றை அமுக்கத் தனி கம்ப்ரெஸர்கள் இருந்தன. பாரம் கூடுகிறது, செலவு கூடுகிறது என்று பின்னால் வந்த விமானங்களில் அவற்றைத் தூக்கி எறிந்தார்கள். 2011-இல் பிரயாணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கிய போயிங் 787-இல் மின்சார கம்ப்ரெஸர் திரும்பவும் வந்திருக்கிறது. தொழிலாளியின் நுரையீரல்மீது வந்த கருணையால் அல்ல. எரிபொருள் மிச்சமாகிறது என்பது பெரிய காரணம். எது எப்படியோ, முடியாது என்று இனி ஒருவரும் சாதிக்க முடியாது. ஆனால் சென்னை மீனம்பாக்கத்தில் தினந்தோறும் இறங்கி ஏறும் ஏ 320 விமானங்கள் உள்பட உலகின் பெரும்பாலான விமானங்கள் பழைய முறையில்தான் ஓடுகின்றன.

2020-இல் கொள்ளைநோய் வந்தபோது கம்பெனிகள் செய்த விளம்பரம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் விமானத்தின் காற்று ஆஸ்பத்திரிக் காற்றைப்போல் வடிகட்டப்பட்டது என்று முரசறைந்தார்கள். ஹெபா வடிகட்டி கிருமியையும் தூசியையும் பிடிக்கும், வாஸ்தவம். அதுவும் உள்ளேயே சுற்றிவரும் காற்றில்தான். எஞ்சினிலிருந்து புதிதாக வரும் எண்ணெய் ஆவியை அது பிடிக்காது. இதைச் சொல்ல மட்டும் விளம்பரத்தில் இடமில்லை!

சட்டம் இல்லாமலுமில்லை. விமானத்துக்குள் தீங்கான அளவில் ஆவியோ வாயுவோ இருக்கக்கூடாது என்று அமெரிக்க விதியே சொல்கிறது. அளக்கும் கருவி இல்லாத இடத்தில் அந்த விதி ஏட்டுச் சுரைக்காய். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. புகை வந்தால் சிப்பந்திகள் என்ன செய்வது, எப்படிப் பதிவு செய்வது என்று பயிற்சி கொடுங்கள் என்றது. நல்லதுதான், ஆனால் அது யோசனையே தவிரக் கட்டளை அல்ல. காத்திருந்து அலுத்த பிரிட்டிஷ் விமான ஊழியர்கள் யுனைட் தொழிற்சங்கத்தின் மூலம் 2019-இல் 51 வழக்குகளைத் தொடுத்தார்கள்.

அவர்கள் கேட்பது ஆகாசத்தைப் பிடித்துத் தரச் சொல்லும் கோரிக்கை அல்ல. எஞ்சினிலிருந்து வரும் காற்றுக்கு வடிகட்டி வை. புகையைக் காட்டிக்கொடுக்கும் கருவி வை. ட்ரைகிரெசில் பாஸ்பேட் சேராத எண்ணெயை வாங்கு. அத்தகைய எண்ணெயைப் பிரான்ஸில் தயாரித்து விற்கிறார்கள். இவற்றோடு நாம் இன்னும் இரண்டைச் சேர்க்கிறோம். புகை வந்த விமானம் தரையிறங்கியதும், அன்றைக்கே, கம்பெனிச் செலவில் சிப்பந்திகளின் ரத்தத்தைச் சோதிக்கவேண்டும். முடிவின் நகல் சங்கத்தின் கையில் வரவேண்டும். கருவி வைக்காத கம்பெனியின் ஊழியர் நோயுற்றால், அந்தப் புகை காரணமல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியின் தலையில் விழவேண்டும்.

தரையில் நின்று எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் தொழிலாளிக்கு, கையுறை போட்டுக்கொள், தோலில் படவிடாதே, ஆவியைச் சுவாசிக்காதே என்று எச்சரிக்கை கொடுக்கப்படுகிறது. அதே எண்ணெயின் புகை மேலே பணிப்பெண்ணின் மூக்கில் ஏறினால், அது வெறும் காலுறை நாற்றமாம்!