மீன் விற்பவரும் ஆற்றுக்குக் கடன்பட்டவரே

வண்ண மீன் வளர்ப்பது நல்ல பொழுதுபோக்கு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. மருத்துவர் வீட்டுக் கூடத்திலும், வங்கியின் முகப்பிலும், வசதியில்லாத வீட்டின் ஜன்னலோரத்திலும்கூட ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டியையும் பம்பையும் தீனியையும் மீனையும் விற்கின்ற நிறுவனங்கள் பல, 'இயற்கையைக் காப்போம்' என்று தங்கள் பெட்டிகளில் அச்சிடத் தொடங்கிவிட்டன. பக்கத்தில் ஒரு பச்சை இலையையும் போட்டுவிடுகிறார்கள். இதை நாம் நம்புவதா, சிரித்துவிட்டுப் போவதா?

இலையைப் பார்த்து நம்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தான் விற்கும் மீன் எங்கே பிறக்கிறது, எப்போது முட்டையிடுகிறது, யார் அதைப் பிடிக்கிறார்கள் என்று அறிவதற்கு அந்த நிறுவனம் பணம் செலவழித்திருக்கிறதா? அப்படியானால் நம்பலாம். இப்படிச் சொல்வதற்கு இரண்டு மீன்கள் காரணம்.

முதல் மீன் நமக்கு அடுத்த வீட்டுக்காரி. கேரளத்திலும் கர்நாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் வாழ்வது. உடலின் நடுவே கண்ணிலிருந்து செல்லும் சிவப்புக் கோடும், அதன்கீழ் கறுப்புக் கோடும், வாலில் மஞ்சளும் கறுப்புமாய் இருக்கும். கேரள மக்கள் செங்கணியான் என்பார்கள். வியாபாரிகள் வைத்த பெயர் 'மிஸ் கேரளா'. 1865-இல் பிரான்சிஸ் டே என்பவர் இதை விவரித்து எழுதியபோது, அன்றைய சென்னை ஆளுநர் சர் வில்லியம் டெனிசனின் பெயரை இதற்குச் சூட்டினார். (ஆளுநர் இந்த மீனுக்காக என்ன செய்தார் என்று கேட்கக்கூடாது. பெயர் சூட்டுவதில் வழக்கம் அப்படி!) நூறாண்டுகளுக்கு மேல் யாரும் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த 'அக்வாராமா' கண்காட்சியில் பரிசு பெற்றதும் எல்லாம் மாறிற்று. வெளிநாட்டு வியாபாரிகள் போட்டி போட்டு வாங்கினார்கள். வலைகள் ஆற்றில் இறங்கின. பின்னர், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் இம்மீன் சேர்ந்துவிட்டது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2008-இல் கேரள மீன்வளத்துறை, ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் இம்மீனைப் பிடிக்கக் கூடாதென்று தடை விதித்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் பிறகு ஆய்வாளர்கள் ஆற்றில் இறங்கிப் பார்த்தபோது தெரிந்தது என்ன? இந்த மீன் இனப்பெருக்கம் செய்வது அக்டோபர் தொடங்கி மார்ச் வரை! முட்டை நிறைந்த தாய் மீனைப் பிடிக்க நவம்பரிலிருந்து தடையில்லை. முட்டையில்லாத ஜூனில் தடை. பூட்டு நல்ல பூட்டுத்தான், ஆனால் வேறு கதவில் தொங்கிற்று.

தோழியரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அந்த மீனை விற்றுப் பணம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் யாராவது, 'இது எந்த மாதத்தில் முட்டையிடுகிறது?' என்று கண்டறிய முதலிலேயே சிறு தொகை ஒதுக்கியிருந்தால், தடை சரியான மாதங்களில் வந்திருக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான ஆபத்திலுள்ள நன்னீர் மீனினங்கள் முப்பது. அவற்றுள் பெரும்பங்கு வகித்த மூன்றில் மிஸ் கேரளாவும் ஒன்று. விற்பனை முன்னே ஓடுகிறது, அறிவு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

'பண்ணையில் வளர்த்தால் தீர்ந்ததே!' என்று பலர் சொல்வார்கள். மிஸ் கேரளாவைப் பொறுத்தவரை அது உண்மைதான். கொச்சிக்கு அருகே பனங்காட்டு மீன்வளக் கல்லூரியில் இதைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையைக் கண்டறிந்தார்கள். தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளும் இன்று வளர்த்து விற்கின்றன. ஆற்றின் சுமை அந்த அளவுக்குக் குறையும். ஆனால் எல்லா மீனுக்கும் இதே மருந்து பொருந்துமா? பொருந்தாது என்று காட்டுகிறது நாங்கள் சொல்ல வந்த இரண்டாவது மீன்.

அது பிரேசில் நாட்டில் அமேசானின் பெரிய கிளை நதியாகிய ரியோ நீக்ரோவில் வாழும் கார்டினல் டெட்ரா. சுண்டுவிரல் நீளம்கூட இராது. நீலமும் சிவப்புமாய் மின்னும். மழைக்காலத்தில் அந்த நதி கரையைத் தாண்டிக் காட்டுக்குள் பரவி, மரங்கள் நீரில் நிற்கும். கடுந்தேநீர் நிறத்து நீரில் இம்மீன்கள் பெருகும். வெள்ளம் வடியும்போது குட்டைகளில் சிக்கிப் பெரும்பாலானவை தாமாகவே மடிந்துவிடும். பெரும்பாலும் ஓராண்டே இதன் ஆயுள். ஆகவே அளவோடு பிடித்தால் இனம் குறைவதில்லை. பார்சேலோஸ் என்னும் ஊரைச் சுற்றியுள்ள குடும்பங்கள் தலைமுறைகளாக இம்மீனைக் கைவலையால் பிடித்து வாழ்கின்றன. காடு இருந்தால்தான் மீன், மீன் இருந்தால்தான் சோறு. அதனால் அவர்களே காட்டுக்குக் காவலர்கள்.

இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது? 1989-இல் அமேசோனாஸ் பல்கலைக்கழகத்தின் நிங் லாபிஷ் சாவ் என்ற மீனியல் அறிஞர் 'பியாபா திட்டம்' என்றொரு பணியைத் தொடங்கினார். பியாபா என்றால் அங்கே அற்பச் சிறுமீன் என்று பொருள். அந்த அற்ப மீனைப் பற்றி ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். அதற்கு அமெரிக்காவின் பொது மீன்காட்சியகங்களும், மீன் வளர்ப்போரும், மீன் மொத்த வியாபாரத்தில் உள்ளவர்களும் துணை நின்றார்கள். 'ஒரு மீன் வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று' என்பது அவர்களது முழக்கம். 2014-இல் ரியோ நீக்ரோவின் அலங்கார மீன்களுக்குப் பிரேசில் அரசு புவிசார் குறியீடு வழங்கியது. நம் மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்தது போன்ற உரிமை அது.

ஆனால் வருத்தமும் உண்டு. இதே கார்டினல் மீனை ஐரோப்பியப் பண்ணைகளும் ஆசியப் பண்ணைகளும் வளர்க்கத் தொடங்கியதால், பார்சேலோஸ் மீனுக்குச் சந்தை சுருங்கிற்று. வலை வீசிப் பிழைத்தவன் வலையைச் சுருட்டி வைத்தால், அடுத்து எதைத் தேடுவான்? கோடரியையோ, தங்கச் சுரங்கத்தையோதான். கேரள ஆற்றுக்கு நன்மையாக முடிந்த பண்ணை, பிரேசில் காட்டுக்குக் கேடாகக்கூடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பச்சை இலை அச்சிடுவதில் என்ன பயன்?

வியாபாரி பணம் கொடுத்தால் ஆராய்ச்சியும் வியாபாரிக்குச் சாதகமாகத்தானே வரும் என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் கேட்பது இரண்டே. பணம் நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். ஆய்வு பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்கட்டும். முடிவு கசப்பாக வந்தாலும் வெளியிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும்.

கடமை விற்றவுடன் தீர்ந்துவிடுவதும் இல்லை. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று 'டேங்க் கிளீனர்' மீனை விரல் நீளத்தில் விற்கிறார்கள். அது ஒரு முழத்துக்கு மேலும் வளரும் என்று பல கடைகளில் சொல்வதில்லை. தொட்டி போதாமற்போனதும் அதை இரக்கப்பட்டு ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டில் அதன் வளர்ச்சியை அச்சிட்டுக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா? ஆற்றில் என்றால் எந்த ஆறு? எவ்வளவு பெரிதாகும்? சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் அவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் தமக்கு மீன் அனுப்பிய நிறுவனத்தைக் கேட்டாக வேண்டும். கேட்கட்டும்.