ஊறலும் பட்டாவும்

மணிப்பூரில் 2023 மே மாதம் மூண்ட கலவரத் தீயை இரண்டு இனங்களின் பழம்பகை என்று சொல்லிக் கடந்துபோனவர்கள் பலர். மலைக் கிராமத்து மக்களை வனநில ஆக்கிரமிப்பாளர் என்று அரசு வெளியேற்றியதும், அங்கே மலைவாழ் குக்கிப் பழங்குடியினர் மேல் அபினுக்காகக் கசகசா பயிரிடுவோர் என்ற பட்டம் விழுந்ததும் அதற்கு முன்பே நடந்தவை. நிலம் கேட்கும் மக்களுக்குக் குற்றப் பட்டம் சூட்டும் வழக்கம் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையில் இனக் கலவரம் எதுவும் இல்லை. அதற்கு வித்தான மனக்கசப்பு இருக்கிறது. அங்கே வாழும் மலையாளிகளுக்கும் (மலைவாழ் மக்கள் என்ற பொருளில்தான் இந்தப் பெயர், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) அரசுக்கும் இடையிலான உறவு வெகுகாலமாக ஜாகீர்தார்கள் என்ற நிலக்கிழார்கள் வழியாகவே இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசு அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக உழுதவர்களில் பலர் கையில் காட்ட ஒரு பட்டா இல்லை. இதே மலையாளிப் பழங்குடியினர் வாழும் வாச்சாத்திக்குள் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வனத்துறையும் காவல்துறையும் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தீர்ப்பு வர 2011 ஆயிற்று, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகும் கல்வராயன் மலையில் சாராய வேட்டை கூடாதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, வேட்டை வேண்டும். ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. மலை ஓடையோரம் பேரலில் போடும் சாராய ஊறலில் விளைந்ததல்ல. மலையில் ஊறலைக் கொட்டிவிட்டு வந்தால் மெத்தனால் வியாபாரி அகப்படமாட்டான். ஊறல் போட்டவனுக்கு மாற்றுப் பிழைப்பும் கிடைக்காது. சாவு நடந்த அதே மாதத்திலேயே ஆயுள் தண்டனை வரை போகும்படி மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்ற அரசால் முடிந்தது. வன உரிமைச் சட்டமோ 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது நீதிமன்ற வழக்கில் சிக்கி 2016 வரை இழுத்தது. பட்டா கொடுத்தால் காடு அழியும் என்ற அச்சத்துக்கும் அந்தச் சட்டத்திலேயே பதில் உண்டு: 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு மட்டுமே உரிமை, அதுவும் நான்கு ஹெக்டேருக்கு மேல் இல்லை. பழைய கிணறும் இடுகாடும் சாமி இருக்கும் இடமும் ஊர்ப் பெரியவர் வாக்குமூலமும் அதற்குச் சான்றாகச் செல்லும். கிராம சபையில் உட்கார்ந்து அவற்றை எழுதிக்கொள்ளும் அலுவலர்களை, ஊறல் தேடி ஏறும் படையின் வேகத்தோடு கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு அனுப்புங்கள்.