கார்பன் பானெட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்திருந்தான். இட்லித் தட்டை வாங்கிய கையோடு கைபேசியை நீட்டி, "அத்தான், இது எப்படி இருக்கு?" என்றான். பார்த்தால் ஒரு கார் பானெட். பத்தமடைப் பாய் பின்னல் மாதிரி கறுப்பாக மின்னுகிறது. கார்பன் ஃபைபராம். விலை ஒன்றேமுக்கால் லட்சம், பொருத்துகூலி தனி.

மச்சினன் ஐ.டி. ஆள், கல்யாணம் ஆகவில்லை. போன வருடம் செகண்ட் ஹேண்டில் சிவப்பு மஸ்டாங் ஜி.டி. ஒன்று வாங்கினான், 2017 மாடல். திருநெல்வேலியில் இருக்கும் என் மாமியாருக்கு "பையன் பழைய கார் வாங்கியிருக்கான்" என்ற அளவில்தான் தெரியும். என்ன கார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை :-)

புனேயில் காம்போசிட் பாகங்கள் செய்யும் இடத்தில் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன் என்பதால் என் அபிப்பிராயம் கேட்கிறான். சொல்லிவிட்டேன். நம்ம பசங்க நிறைய பேர் பெங்களூர், மும்பை, குர்காவ் என்று இதே வேலையைச் செய்துகொண்டிருப்பதால் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

முதலில் "எடை குறையும்" என்ற சமாதானம். இரும்பு பானெட் என்றால் அதில் நியாயம் உண்டு. ஆனால் 2015-ல் வந்த மஸ்டாங்கில் பானெட் ஏற்கெனவே அலுமினியம். மிட்சுபிஷி எவோ 10-லும் அப்படித்தான். அதற்கு மேல் எட்டு கிலோ குறைந்ததாகவே வைத்துக்கொள்வோம். வண்டி 1,700 கிலோவுக்கு மேல். அரை சதவீதம்கூட இல்லை. மாதுங்காவில் வாங்கிய 25 கிலோ பொன்னி மூட்டையை டிக்கியிலிருந்து இறக்கினால் இதைவிட லாபம். அழகுக்குத்தான் என்றால் அழகுக்கு என்று சொல்லட்டும், அதில் தப்பே இல்லை. தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டு வாங்கும்போதுதான் தப்பான சாமானை வாங்குகிறோம்.

சரி, எதை வாங்குவது? பந்தய வண்டிக்குப் போகும் சரக்கு, ரெசின் ஊறிய துணியை அச்சில் அடுக்கி, ஆட்டோகிளேவில் அழுத்தமும் சூடும் கொடுத்து எடுப்பது. விலையும் அதற்கேற்ப இருக்கும். கடைகளில் அதிகம் கிடைப்பது வேறு. மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி, அடியில் முழுக்க கண்ணாடி இழை. கண்ணாடி இழை மட்டமான பொருள் இல்லை. கார்பன் அலுமினியத்தை ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், மும்பை மாதிரி உப்புக்காற்று ஊரில் இன்னும் சீக்கிரம். கீல் உட்காரும் இடத்தில் நடுவே ஒரு அடுக்கு கண்ணாடி இழை இருப்பது நல்லதுதான். ஆனால் முழு கார்பன் விலை சொல்லி இதைக் கொடுப்பது நியாயமில்லை. ஆகவே பானெட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள், தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். அடிப்பக்கப் படம் அனுப்பாத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்து ரெசின். சாதாரண அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 60, 70 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்புத் தகடு 70 டிகிரியை அனாயாசமாகத் தொடும், கீழே வி8 எஞ்சின் வேறு. இரண்டு கோடையில் பானெட் நெளிந்து பம்பரோடு இடைவெளி கோணலாகிவிடும். அடுப்பில் வைத்து மறுபடி சூடாக்கினார்களா, எத்தனை டிகிரியில் என்று கேளுங்கள். மேலே புற ஊதாக் கதிர் தாங்கும் கிளியர் கோட் இல்லையென்றால் மஞ்சளடித்துவிடும்.

இதெல்லாம் பணத்தோடு போவது. பூட்டு அப்படியல்ல. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இப்படி ஒரு பானெட்டைப் போட்டுக்கொண்டு லோனாவாலா பக்கம் போய்க்கொண்டிருந்தார். பூட்டு மாட்டும் கொக்கியை வெறும் கண்ணாடி இழையில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அது பிய்ந்து, பானெட் எழுந்து, முன் கண்ணாடியை மூடிக்கொண்டது. பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபடியே ஓரம் கட்டியிருக்கிறார். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். ஒன்றும் ஆகவில்லை. அவர் அதைச் சொல்லும்போது இன்னும் குரல் ஒரு மாதிரியாகிவிடும்.

கொக்கிக்கு அடியில் உலோகத் தகடு புதைத்திருக்கிறதா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. இருந்தாலும், இரண்டு பக்கமும் பானெட் பின் போடச் சொல்வேன். பார்க்க அசிங்கம் என்கிறான் மச்சினன். இருக்கட்டும். தானாகத் தூக்க கேஸ் ஸ்ட்ரட் வேண்டுமாம், அதுவும் வேண்டாம். மெல்லிசு பானெட்டை அது கீல் பக்கம் வளைத்துவிடும். இன்னொன்று, 2018-ல் மஸ்டாங்கின் முகம் மாறியது. அதற்கான பானெட் 2017 வண்டிக்கு உட்காராது, மாடல் வருடம் பார்க்காமல் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கூடவே 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பதிவில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. நிறமும் ஆர்.சி.யில் இருக்கிறது என்பதால் சிவப்பு வண்டிக்குக் கறுப்பு பானெட் போடுமுன் ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

என் காசு என்றால் டயருக்கும் பிரேக்குக்கும்தான் போடுவேன். பானெட்தான் வேண்டும் என்றால், கம்பெனி பானெட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். மறைமலை நகரில் ஃபோர்டு கார் செய்துகொண்டிருந்த காலத்திலேயே மஸ்டாங் இறக்குமதிதான். 2021-ல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். பழைய பானெட்டுக்கு மாற்று தேடுவது லேசில்லை.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கடைக்காரரிடம் அடிப்பக்கப் படம் கேட்டு நாலு நாளாகிறது, இன்னும் வரவில்லை. அதற்குள் கழற்றப்போகும் பானெட்டை வைக்க எங்கள் ஃப்ளாட்டில் இடம் இருக்குமா என்று விசாரிக்கிறான். உங்க அக்காவிடம் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.